பெட்டிக்குள் நாலு குடி

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் எனக்குப் பிறந்தவர்கள்தான். ஆனால் என் குடி இல்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் தாயின் குடியைத்தான் சேருவார்கள். நான் என் அம்மாவின் குடி, நீங்கள் உங்கள் அம்மாவின் குடி. வீட்டில் ஒரே சட்டிச் சோறு. கோயிலில் மட்டும் நான் முதற்குடிக்காரரோடு ஒரு பக்கம் இருப்பேன், நீங்கள் எதிர்ப்பக்கம் நாலாங்குடிக்காரரோடு இருப்பீர்கள்.

பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னார்கள் என்று மகள் வந்து கேட்டாள்: "அப்பா, நம்மட குடி சின்ன டிஸ்க் குடியாம். அது என்ன?" அன்றைக்கு ஒரு கலியாண வீட்டுக்கு ஒலிபெருக்கி கட்டப் போகும் அவசரத்தில் இருந்தேன். "மறுகா சொல்லுறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். நான் சாதாரண தரப் பரீட்சை வரைதான் படித்தவன். எழுத்தில் பிழை கண்டால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு நாலு குடி. வைகாசிச் சடங்கில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள். கடைசி நாளான குளிர்த்தி முதற்குடிக்கு. அன்று வாவிக்கு இந்தப் பக்கத்து ஊரெல்லாம் வந்து குவியும். தொடக்க நாள் நாலாங்குடிக்கு. அன்று கடலைக்காரர்கூட வருவதில்லை. மரியாதை கொடுக்கும்போது வரிசை தலைகீழாகும்: முதற்குடிக்கு முதலில், நாலாங்குடிக்குக் கடைசியில். ஆக, எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் உங்கள் குடிக்கு ஓரம்தான்.

நாலாங்குடியில் இப்போது கொஞ்சக் குடும்பங்கள்தான் மிச்சம். ஒரு வருடம் தன் நாளை நடத்த முடியாமல் ஒரு குடி விட்டால், மற்றக் குடி அதை எடுத்துக்கொள்ளும். எடுத்த நாள் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. உங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், நாலாங்குடித் தலைவர். "எங்கட நாளைக் கேட்டுருவாங்களோ" என்ற பயம் அவருக்கு வைகாசிக்கு வைகாசி வரும், சிலருக்கு மாரியில் இளைப்பு வருவதைப் போல.

இந்தப் பயத்துக்கு நடுவில்தான் பெட்டி வந்தது.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் அனுப்பியது. சோடாப் போத்தல் பெட்டி அளவு, கறுப்பு நிறம். சடங்கின் வீடியோ எல்லாவற்றையும் அழியாமல் சேர்த்து வைப்பதற்கு. முன்பக்கத்தில் டிஸ்க் போடுவதற்கு நாலு வாசல். கோயிலை நடத்தும் வண்ணக்கர் அந்த நாலு வாசலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நாலு குடிக்கும் நாலு வாசல். அம்மாள் சொல்லித்தான் செய்விச்சிருக்கா."

குடிக்கு ஒரு டிஸ்க் என்று தீர்மானமாயிற்று. ஒலிபெருக்கி கட்டுகிறவனுக்கு வயர் தெரியும், வயர் தெரிந்தவனுக்குப் பெட்டியும் தெரியும் என்று பொறுப்பை என்னிடம் தந்தார்கள். நாலு குடியும் நாலு டெரா டிஸ்க் ஒவ்வொன்று கொண்டுவந்தன. உடனே சண்டை. வாசல்களுக்கு இடமிருந்து வலமாக எண் போட்டிருந்தது. முதற்குடி அம்மனின் வலக்கைப் பக்கம் வரவேண்டும் என்றார்கள். பெட்டியைத் தலைகீழாக வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். காலில் நிற்கிற சாமானைக் காலில்தான் நிறுத்தவேண்டும் என்று நான் மன்றாடினேன். கடைசியில் பெட்டியின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள். வரிசை சரியாகிவிட்டது. அதன் பிறகு பெட்டியின் முகத்து விளக்கு எரிகிறதா என்று பார்க்க நான் சவரக் கண்ணாடியைச் சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் நுழைத்துத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று. டிஸ்க்குக்குச் சந்தனம் பூசவேண்டும் என்றார்கள். டிஸ்க்கின் முதுகில் ஊசித் துளை ஒன்று இருக்கிறது, அதால்தான் அது மூச்சு விடுகிறது, அடைக்காதே என்று அதிலேயே எழுதியும் இருக்கிறது. "மூச்சு விடுற சாமானுக்குக் கட்டாயம் பூசத்தான் வேணும்" என்றார் வண்ணக்கர். டிஸ்க் தட்டின் கைப்பிடியில் மட்டும் பூசுவதாகப் பேசி முடித்தேன்.

சில வருடங்கள் ஒழுங்காகப் போயிற்று. போன மாசியில் பெட்டி கூவத் தொடங்கியது. நிரம்பிவிட்டது. வைகாசிச் சடங்குக்கு இடமில்லை.

முதற்குடித் தலைவர் வட்டை வட்டையாக வயல் வைத்திருப்பவர். உடனே காத்தான்குடிக்கு ஆள் அனுப்பிப் பதினாறு டெரா டிஸ்க் ஒன்று எடுப்பித்தார். பழையதைப் போல நாலு மடங்கு. அதை வான் வண்டியில் இருந்து இறக்கும்போது குடை பிடித்தார்கள். பெண்கள் குரவை போட்டார்கள். நான் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை முதலாம் வாசலில் தள்ளினேன். பெட்டி ஒரு முழுநாள் உள்ளுக்குள் உருட்டிக்கொண்டிருந்தது. வேலை செய்கிறது, குழப்பக்கூடாது என்று வண்ணக்கர் கோயில் மணியை மெதுவாக அடிக்கச் சொன்னார்.

உருட்டி முடிந்தபின் எல்லாரும் என் கொம்பியூட்டரைச் சுற்றி நின்றார்கள். இடம் கூடவில்லை.

"என்னகா?" என்றார் முதற்குடித் தலைவர்.

"கூடல்ல ஐயா."

"நாலு மடங்கு கொண்டந்து வச்சிரிக்கன். ஒரு நெல்லளவும் கூடல்லயா?"

"இல்லை ஐயா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்ர பொஞ்சாதி என்ன குடி?"

"நாலாங்குடி."

"அதான் கேட்டன். எங்கட இடத்தை அள்ளி அங்கால போட்டுட்டாய்."

நான் என் தாயின் குடிக்கே துரோகம் செய்தவன் என்ற கதை அன்று பொழுது சாய்வதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. அடுத்த நாள் காலையிலேயே காத்தான்குடிக்கு ஓடினேன். டிஸ்க் விற்ற கடைக்காரரை நான் அண்ணன் முறைக்குக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கேட்டுவிட்டு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"தம்பி, நாலு பேர் ஒரு கட்டில தூக்கிக்கிட்டுப் போறாங்க. மூணு பேர் பனை மரம், ஒருத்தன் கட்டை. கட்டில் எந்த உயரத்தில போகும்?"

"கட்டையன்ட உயரத்தில."

"அவ்வளவுதான். பெட்டி எல்லா டிஸ்க்கையும் ஆகச் சின்ன டிஸ்க்கா நினைச்சித்தான் எண்ணும். ஒண்டை மட்டும் பெருசாக்கி ஒண்டும் ஆகாது."

"அப்ப அவரு குடியிட வீடியோ அவருட பெரிய டிஸ்க்ல கிடக்கும்தானே காக்கா?"

"எங்க கிடக்கும்? எல்லாத்தையும் துண்டு துண்டா வெட்டி நாலு டிஸ்க்லயும் கலந்துதான் வைக்கும். ஒண்டு பழுதாப் போனா மத்த மூணும் சேந்து அதைத் திருப்பிச் செஞ்சி குடுக்கும். அதுக்கெண்டு ஒரு டிஸ்க் அளவு இடத்தைத் தனியாப் பிடிச்சி வைக்கும். ஆனா ஒண்டு சொல்லுறன், இத கோயில்ல போய்ச் சொல்லிராதீங்க."

நான் போய்ச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் என் மேல் உள்ள பழி போகும் என்று நினைத்தேன்.

கோயில் மண்டபத்தில் நாலு குடிக்காரரும் இருந்தார்கள். முதற்குடித் தலைவர் எழும்பினார். "எங்கட குளிர்த்தி அவங்கட டிஸ்க்லயா கிடக்கு?"

உங்கள் மாமா பின்வரிசையில் தூணோடு சாய்ந்திருந்தார். "ஓம் அண்ணன், துண்டு துண்டாக் கிடக்கு. பயப்பிடாதீங்க, கவனமாத்தான் வச்சிரிக்கம்" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டாங்குடியும் மூன்றாங்குடியும் ஆளுக்கொரு பதினாறு டெரா வாங்கின. முதற்குடி வைத்திருக்கும் அளவு தங்களிடம் இல்லாமல் ஒரு நாள்கூட அவர்களால் இருக்க முடியவில்லை. கழற்றிய பழைய டிஸ்க்குகளை அந்தந்தக் குடித் தலைவர்கள் பட்டுத்துணியில் சுற்றி வீட்டுச் சாமியறையில் வைத்துக்கொண்டார்கள். அப்போதும் இடம் கூடவில்லை. நாலாம் வாசலில் உங்கள் குடியின் பழைய நாலு டெரா அப்படியே இருந்தது.

பிள்ளைகளே, உங்கள் மாமாவை அந்த நாட்களில் நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பின்வரிசையில் இருந்தவர் முன்வரிசைக்கு வந்தார். காலுக்கு மேல் கால் போட்டார். "என்ர டிஸ்க் எவ்வளவோ அவ்வளவுதான் எல்லாருக்கும்" என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னார். ஊரில் எல்லாருக்கும் உச்ச அளவு குறித்துக் கொடுக்கிற ஆள் தான்தான் என்று நினைத்துக்கொண்டார். அது உண்மையும்தான்.

"அந்தச் சின்னதக் கழட்டு. அதில எங்கட ரெண்டாவது டிஸ்க்கப் போடுறன்" என்றார் முதற்குடித் தலைவர்.

"வாசலை விட்டா எங்கட நாளையும் விடச் சொல்லுவீங்க."

"அப்ப உங்களுக்கே ஒண்டு வாங்கித் தாறம். சும்மா."

"நீங்க வாங்கித் தந்தா அது உங்கட டிஸ்க். மறுகா அந்த வாசல் உங்கட வாசல். அந்த நாளும் உங்கட நாள்." மாமா சொல்லும்போது சிரிப்பு இல்லை. காலையும் கீழே இறக்கியிருந்தார்.

அன்றைக்கு உங்கள் அம்மா அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, "அண்ணன் ஆடுறது எனக்கும் பிடிக்கல்ல. ஆனா நாள் போனா என்ர பிள்ளைகள் எந்த நாளுக்குப் போறது?" என்றாள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் உங்கள் சின்னம்மாவுக்குப் போன் எடுத்தாள். சின்னம்மா அனுப்பிய பதினாறு டெரா டிஸ்க், பால்மாப் பேணிக்கும் பிள்ளைகளின் உடுப்புக்கும் நடுவில் பொதிந்து வந்து சேர்ந்தது. குடை கிடையாது. குரவை மட்டும் உங்கள் அம்மா போட்டாள், தனியாக, கொஞ்சம் கூடுதல் சத்தமாக.

இனி நாலும் ஒரே அளவு. பெட்டி மறுபடி உருட்டத் தொடங்கியது. மணி மறுபடி மெதுவாக அடித்தது. அது முடிந்தபின் நான் இடத்தைக் கூட்டும் பொத்தானை அமத்தினேன். பன்னிரண்டு டெராவில் இருந்த இடம் ஏறியது. பதின்மூன்று. பதினாலு. பதினைந்து. பதினாறு. அங்கே நின்றுவிட்டது. நாற்பத்தெட்டு வரையும் போகவேண்டிய இடம். இதற்கு மேல் கூட்ட முடியாது என்று ஒரு சிவப்பு வரி வந்தது.

நான் காக்காவுக்குப் போன் எடுத்து எல்லாருக்கும் கேட்க ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அது பழைய பெட்டிதானே தம்பி. முதல்ல உள்ளுக்கு அறை கட்டேக்குள்ளயே அளவு வச்சுத்தான் கட்டியிருக்கு. பதினாறுக்கு மேல அந்த அறைக்கு எண்ணத் தெரியாது."

"எண்ணத் தெரியாதா!" என்று முதற்குடித் தலைவர் இரைந்தார். "இவ்வளவு பெரிய டிஸ்க்கக் கொண்டந்து குடுத்தா, பெட்டிக்கு எண்ணத் தெரியாதாம்!"

"பள்ளிக்கூடத்தில சேர்ப்பமா?" என்றார் உங்கள் மாமா.

"எண்ணப் பண்ணலாம்" என்று ஒலிபெருக்கியில் காக்காவின் குரல் வந்தது. "உள்ளுக்கு இரிக்கிற எல்லாத்தையும் வேற இடத்தில இறக்கிட்டு, பெட்டியத் துடைச்சிப் புதுசாக் கட்டணும்."

வேறு இடம் என்றால் யார் வீடு? அம்மனின் சடங்கு ஒரு குடி வீட்டில் போய்த் தங்குவதா, எந்தக் குடி வீட்டில்? அந்தக் கதை தொடங்கியதும் நான் போனை வைத்துவிட்டேன். அது அந்த வருடத்துக்குள் முடிகிற கதை இல்லை. கிடைத்த நாலு டெராவோடு சடங்கைத் தொடங்கினோம்.

தொடக்க நாள் உங்களுடையது. ஒரே ஒரு கமரா. அதைப் பெட்டியில் ஏற்றினேன், இடம் அவ்வளவாகக் குறையவில்லை. இரண்டாம் நாள் மூன்றாங்குடி, மூன்று கமரா. அடுத்தது இரண்டாங்குடி, அவர்களுக்கு மூன்று போதாதென்று நாலு. குளிர்த்திக்கு முதற்குடி ஆறு கமராவும் வாவிக்கு மேலே பறக்கிற ட்ரோன் ஒன்றும் பிடித்திருந்தது. விடிந்து பார்த்தால் குளிர்த்தி முழுவதையும் ஏற்ற இடம் இல்லை. கமராக்காரர் தன் மெமரிச் சிப்புகளைக் கேட்டு வாசலில் நிற்கிறார். மறுநாள் அவருக்கு வாழைச்சேனையில் கலியாணம்.

மண்டபத்தில் மறுபடி கூட்டம்.

"தொடக்க நாளை அழிச்சா குளிர்த்தி உள்ளுக்குப் போகுமா?" என்று வண்ணக்கர் கேட்டார்.

"மட்டுமட்டாப் போகும் ஐயா."

"அப்ப அழிகா. அதை ஆரு பாக்கிற?"

உங்கள் மாமா எழும்பவில்லை. இவ்வளவு நாளும் ஆடின மனிதர் துவாயை மடியில் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். "இண்டைக்கு வீடியோ. வாற வருசம் நாள்" என்று மட்டும் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. எனக்குக் கேட்டது.

என் விரல் கொம்பியூட்டரில் இருந்தது. நான் பேச்சில் கெட்டிக்காரன் இல்லை. "ஐயா, அழிக்க முன்னம் குளிர்த்திய ஒருக்காப் பாப்பம். எல்லாம் தேவைதானா எண்டு தெரியும்" என்றேன். தன் குடியின் குளிர்த்தியை எல்லாரும் பார்ப்பதற்கு முதற்குடித் தலைவர் மறுக்கவில்லை. வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டிப் படத்தை அதில் விழுத்தினேன்.

முதல் கமரா நன்றாக இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். ஆறாவது கமராவைக் கோயில் வாசலில் முக்காலியில் நிறுத்திவிட்டு, கமராக்காரர் அதை மறந்துவிட்டார். அதன் தலை குனிந்து செருப்புக் குவியலைப் பார்த்தபடி இருந்தது. சடங்கு தொடங்கியது முதல் விடியும் வரை அது செருப்பைத்தான் எடுத்திருக்கிறது. மிகத் தெளிவான, மிக உயர்ந்த தரத்தில்.

"உங்கட தொடக்க நாளை விட இந்தச் செருப்புக் கூடுதலா இடம் பிடிக்குது" என்றேன் மாமாவிடம். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு குத்தும் என்று தெரிந்தது.

"இதை எடுத்துருவம் ஐயா" என்று வண்ணக்கரைப் பார்த்துச் சொன்னேன்.

முதற்குடித் தலைவர் கையை நீட்டித் தடுத்தார். "ஒண்டையும் தொடக்குடாது. செருப்பும் எங்கட குளிர்த்திச் செருப்புத்தான்."

"அண்ணன், அதில நம்மட எல்லாக் குடிச் செருப்பும் கிடக்கு" என்றார் மூன்றாங்குடித் தலைவர்.

"எங்கட நாளில கழட்டினது."

இப்படி ஒருவருக்கொருவர் இழுத்துக்கொண்டிருக்கும்போது இரண்டாங்குடித் தலைவர் திடீரென்று கத்தினார். "நிப்பாட்டு! பின்னுக்குப் போ! அது என்ர செருப்பு!"

குளிர்த்தியன்று அவருடைய புதுத் தோல் செருப்பு காணாமல் போய் வெறுங்காலில் வீடு போனவர் அவர். நான் பின்னுக்குப் போனேன். வேட்டித் திரையில் இரண்டு கால்கள் வந்தன. முழங்காலுக்கு மேல் ஒன்றும் இல்லை. கால்கள் குவியலைச் சுற்றி நிதானமாக நடந்தன. ஒரு சோடியில் நுழைந்து பார்த்தன, பிடிக்கவில்லை. இன்னொரு சோடி. பிறகு அந்தத் தோல் செருப்பு. அது பொருந்தியதும் கால்கள் ஒருமுறை குதிக்காலில் உயர்ந்து தாழ்ந்தன.

"காலைப் பெருசாக்கு!"

பெரிதாக்கினேன். வலக்காலின் பெருவிரலில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் குனிந்து பக்கத்தில் இருப்பவரின் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் கால்தான் முதலில் ஞாபகம் வந்தது, நல்லவேளை சுத்தமாக இருந்தது.

வண்ணக்கர் தன் வலக்காலை மெதுவாக வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

"சரி, சரி, கண் மங்குது, இருட்டில ஆருக்கும் மாறும்தானே" என்று அவர் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். "இது கோயில். செருப்பப் பத்திக் கதைக்கிற இடம் இல்லை. நிப்பாட்டுகா அதை!"

"அது பதிவில கிடக்கட்டும்" என்றார் முதற்குடித் தலைவர். இப்போது அவருக்குச் செருப்புப் படத்தில் முன்னைவிட ஆசை கூடியிருந்தது. "காலாகாலத்துக்கும் கிடக்கட்டும்."

வண்ணக்கர் எழும்பினார். அவ்வளவு வேகமாக அவர் எழும்பி நான் பார்த்ததில்லை. "இஞ்ச கேளுங்க. பெட்டி என்ன செய்யுது? ஆகச் சின்ன டிஸ்க் எவ்வளவோ, எல்லாருக்கும் அந்த அளவுதான் குடுக்குது. இல்லையாகா?"

"ஓம் ஐயா."

"அது பெட்டியிட நியாயம் இல்லை, அம்மாளிட நியாயம். இண்டையில இருந்து நாலாங்குடி தன்ர நாளுக்கு எவ்வளவு வீடியோ எடுக்குதோ, மத்த மூணு குடியும் அவ்வளவுதான் வைக்கலாம். ஒரு செருப்புக் கூடக்குடாது. செருப்பு முதல்ல போகட்டும்."

முதற்குடித் தலைவர் வாயைத் திறந்தார். இரண்டாங்குடியும் மூன்றாங்குடியும் கையைத் தட்டிவிட்டன. தங்களுக்கும் குறையும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. முதற்குடிக்கு ஆகக் கூடுதலாகக் குறையும் என்பது அவர்களுக்குப் போதுமாக இருந்தது. நாலாங்குடியின் நாள் இல்லாவிட்டால் மற்றக் குடிகளும் ஒன்றும் வைக்க முடியாது என்றாகிவிட்டது. இனி அந்த நாளை யாரும் கேட்க முடியாது. உங்கள் மாமாவுக்கு இது விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் துவாயை உதறித் தோளில் போட்டார். "அப்ப வாற வருசம் இன்னும் கொஞ்சம் குறைச்சு எடுப்பம்" என்றார். வண்ணக்கரே சிரித்துவிட்டார்.

மகளே, "சின்ன டிஸ்க் குடி" என்று பள்ளிக்கூடத்தில் சொல்வது இதைத்தான். டிஸ்க் இப்போது சின்னது இல்லை என்று சொல்லு. அதோடு விடு.

கூட்டம் கலைந்த பிறகு நான் தனியாக இருந்து மூன்று குடியின் வீடியோவையும் வெட்டினேன். முதலில் செருப்பு. பிறகு ட்ரோன் எடுத்த வாவி, வெறும் தண்ணீர். என் தாயின் குடியின் குளிர்த்தியை நானே வெட்டிச் சுருக்கி ஏற்றினேன். மத்தியானமாயிற்று. மெமரிச் சிப்புகளை வாங்கிக்கொண்டு கமராக்காரரும் போய்விட்டார்.

ஏற்றியவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். உங்கள் நாளையும் போட்டேன். ஒரே கமரா, கொஞ்சம் ஆட்டம், மண்டபத்தில் பாதிக்கு மேல் வெறும் பாய். குடிகளைக் கூப்பிடும் இடம் வந்தது. எங்கள் கோயிலில் ஒரு குடியைக் கூப்பிடும்போது அந்தக் குடிக்காரர் எழும்பி நிற்பார்கள், மற்றவர்கள் இருந்தபடி இருப்பார்கள். அன்று முதற்குடியைக் கூப்பிட்டதும் எழும்பினேன், மற்ற மூன்று குடிக்கும் இருந்தபடி இருந்தேன்.

வீடியோவில் நாலாங்குடியைக் கூப்பிட்டார்கள். மாமா எழும்பினார், அம்மா எழும்பினாள், நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு எழும்பினீர்கள்.

அறையில் யாரும் இல்லை. நான் தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழும்பி நின்றேன்.